முத்துத்தாயின் நாற்பது வினாடி

பேயாவது பிசாசாவது என்று சிரிக்கிறவர்கள் பரளச்சிப் பக்கம் போய்க் காளீஸ்வரனைப் பார்த்துவிட்டு வந்து சிரிக்கட்டும். இது நடந்தது. போன மார்கழியில், பட்டப்பகலில் நடந்தது.

காளீஸ்வரனுக்குத் தன்னைத் தவிர உலகத்தில் எல்லாரும் முட்டாள். கேமரா மாட்ட அருப்புக்கோட்டையிலிருந்து வந்த கடைக்காரரை, "ஒனக்கு என்னய்யா தெரியும்?" என்று விரட்டிவிட்டான். மதுரையில் பழைய பாகங்களை வாங்கி வந்து தானே ஒரு கம்ப்யூட்டரைப் பூட்டினான். நாலு கேமராவின் பதிவும் அதில் ஏறும். பாட்டும் அதிலேயே பாடும். நாலு திருகாணியை முடுக்கிவிட்டு, ராக்கெட் விட்டவன் போல ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தான்.

வீட்டுக்குப் பின்னால் மூன்று ஏக்கர் மக்காச்சோளம். கதிர் பால் பிடித்தால் போதும், மயில்கள் கூட்டமாக வந்து இறங்கிவிடும். அவற்றை விரட்ட முத்துத்தாய் பல வருடமாகப் பகல்காவல் இருந்தாள். "ஹோ…ஓ…ஓய்" என்று அவள் ஒரு சத்தம் கொடுத்தால் ஒரு மயில் நிற்காது. அந்தச் சத்தத்தைப் போனில் பிடித்தான் காளீஸ்வரன். சரியாக நாற்பது வினாடி. அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, கிழக்கு ஓரத்து வேப்பமரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டி, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒலிக்கும்படி வைத்தான்.

"இனிமே நீ வர வேணாம்."

"என் சத்தம் மட்டும் வேணுமாக்கும், தம்பி?"

"ஒன் சத்தம் என்ன தங்கமா? போ, போ."

செவ்வாய்க்கிழமை காலை 8.10. ஸ்பீக்கர் முதல்முறையாகக் கத்தியது. முத்துத்தாய் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். ஒன்றும் சொல்லாமல் திரும்பி நடந்தாள். திமிரைப் பார் என்று நினைத்துக்கொண்டான் அந்த மேதாவி.

மூன்று நாள் ஒழுங்காக ஓடியது. வெள்ளிக்கிழமை பகல். வீட்டில் அவன் மட்டும்தான். 11.50-க்குக் குரல் ஒலித்து ஓய்ந்தது. 11.54-க்கு மறுபடியும் கேட்டது…

திரையைப் பார்த்தான். மேற்கு மூலையிலிருந்து மயில்கள் பதறி எழுந்தன. அந்தப் பக்கம் ஸ்பீக்கரே கிடையாது. ஆளும் கிடையாது.

12.06. ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கி எறிந்தான்.

"ஹோ…ஓ…ஓய்…"

இப்போது கிணற்றடியில் கேட்டது. நடுவில் மூச்சு இரைத்தது. பதிவில் அந்த இரைப்பு இல்லை.

12.11. மாட்டுக்கொட்டகை…

12.14. பின்வாசல்…

கேமராவில் வாசல் வெறிச்சென்று கிடந்தது. கதவு மட்டும் மெல்ல அதிர்ந்தது. டக்… டக்…

"தம்பி…"

ஃபைலை அழித்தான். போனில் இருந்ததையும் அழித்தான். மணி 12.17.

குரல் நின்றது.

மறுநாள் காலை முத்துத்தாயின் புருஷன் அருஞ்சுனை வந்து நின்றார்.

"செவ்வாக்கெழம இங்கருந்து வந்தவளுக்குப் பேச்சே வரல தம்பி. திருச்சுழியில டாக்டரு பாத்துட்டு, தொண்டை நல்லாத்தான இருக்குங்காரு."

காளீஸ்வரன் கம்ப்யூட்டர் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"எங்க வீடு மூணு மைலு. அங்க உக்காந்துக்கிட்டு, இந்தத் தெசையில கையக் காட்டி, தன் சத்தம் கேக்குதுன்னு சைகை பண்ணிக்கிட்டே இருந்தா. நேத்துப் பகல் பன்னெண்டே காலு இருக்கும்… காதத் தடவிப் பாத்துட்டு, எதுவும் கேக்கலன்னு தலையில அடிச்சுக்கிட்டு அழுதா. ஒங்க மிசின்ல அவ சத்தம் இருக்காமே? அதக் குடுங்க தம்பி."

அவ்வளவு தெரிந்தவன் ரெண்டு நாள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அழிந்ததைத் தேடினான். போனில் ஒன்றும் மிஞ்சவில்லை. ஹார்ட் டிஸ்க்கில் அந்தக் குரல் இருந்த இடத்தின் மேல் கேமராப் பதிவு ஏறியிருந்தது. வெள்ளிக்கிழமை 12.18 முதல், மயில்கள் இறங்கி நிதானமாகக் கதிர் தின்கிற காட்சி. அதில் சத்தம் இல்லை.

முத்துத்தாய் இன்றுவரை பேசவில்லை.