படத்தின் முதுகில் ஒரு மூன்று

ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் தரம் பிரிப்பது என் வேலை. வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில் நின்று தோலைப் புரட்டுவேன், குறை தேடுவேன், பின்பக்கம் மெழுகுப் பென்சிலால் தர எண் போடுவேன். எனக்கு மனிதர்களின் முகம் மறந்துபோகும். தழும்பு மறக்காது.

வேலூரில் தெரிந்த பாதிரியார் ஒருவர், கோயிலுக்கு வெள்ளையடிக்கும் வாரத்தில் ஒரு பழைய படத்தைக் கொண்டுவந்தார். "உங்க தரம் பிரிக்கற ரூம்ல ஈரம் கம்மி. சனிக்கிழம எடுத்துக்கறேன். பத்திரம், எங்ககிட்ட இருக்கற பழசு இது ஒண்ணுதான்."

பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாரோ ஒரு வெள்ளைக்காரர், பெரிய படம் வரையுமுன் எண்ணெய் வண்ணத்தில் தீட்டிப் பார்த்தது. இயேசுவின் சீடர்களில் ஒருவரை உயிரோடு தோல் உரித்தார்களாம். அவர் உட்கார்ந்து, தன் தோலையே துண்டுபோலக் கைமேல் போட்டிருக்கிறார். முகத்துக்கு நாலே தீற்றல், கண்கூட இல்லை. தோலை மட்டும் ஓவியர் மெனக்கெட்டு முடித்திருந்தார், முதுகுப்பக்கம் நம்மைப் பார்க்கும்படி.

பழக்க தோஷம். கழுத்து, வயிறு, முதுகு என்று பார்த்துக்கொண்டே போனேன். இடது தோளில் பிறைபோல ஒரு தழும்பு. என் கை தானாகப் படத்தைத் திருப்பி 'மூன்று' என்று எழுதிவிட்டது.

பக்கத்து மேசை பாய் எட்டிப் பார்த்தார். "இன்னா தோஸ்த், சாமி படத்துக்கே தரம் போட்டுட்ட?" பிறகு குனிந்து பார்த்தவர் சிரிப்பை நிறுத்தினார். "இது உன் முதுகுல இருக்கறதாச்சே. சட்டைய கழட்டிட்டுச் சாப்புடும்போது டெய்லி பாக்கறேன்."

போனில் என் தோளைப் படம் எடுத்துக் காட்டினார். சிறுவயதில் கட்டி அறுத்த இடம். அதே பிறை, அதே சாய்வு.

பட்டப்பகல் பன்னிரண்டு மணி. நான் தைரியசாலி என்பதால் நாற்காலியில்தான் விழுந்தேன்.

முதலில் எழுதியதை அழிக்க வேண்டும். பாதிரியார் முகத்தில் எப்படி விழிப்பது? ஈரத்துணியால் தேய்த்தேன். என் மூன்று போகவில்லை. தூசுதான் போனது. அடியில் மங்கலாக இன்னும் மூன்று எண்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொருவர் கையெழுத்து.

சனிக்கிழமை வரை சட்டையைக் கழற்றாமல் சாப்பிட்டேன். குழம்பு சட்டையில் கொட்டியது.

பாதிரியார் படத்தின் பின்பக்கத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "தோல்காரங்ககிட்ட குடுத்தாலே இதான். நீங்க எங்க குறை பாத்தீங்க?"

"இடது தோள், ஃபாதர். மன்னிச்சுக்குங்க."

"போன தடவ வச்சிருந்தவர் முழங்கால்னாரு. அதுக்கு முன்னாடி ஒருத்தர் வயிறுன்னாரு. நான் தேடிப் பாத்தேன், ஒண்ணும் தெரியல."

படத்தை முன்பக்கம் திருப்பினேன். படத்தில் பிறையைக் காணோம், தோள் வழவழவென்றிருந்தது. இப்போது கேட்டால் முதல் தரம் போட்டிருப்பேன்.

படம் வண்டியேறியதும் பாய் போனை எடுத்தார். "சட்டைய கழட்டு. உன் தோள்ல இன்னும் இருக்கான்னு பாத்துடலாம்."

"வேணாம் பாய், குளுருது" என்றேன். ஆம்பூரில், மே மாதத்தில்.