மாடிப்படி வீடியோ

வடமதுரையில் பூந்தோட்டம் வைத்திருக்கும் என் அம்மாவுக்கும், பக்கத்துக் கட்டில் நூர்ஜஹான் அத்தைக்கும் திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் ஒரே நாளில்தான் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. மூன்றாவது வாரம், மாடிப்படி ஏறும் வீடியோவை அத்தை எனக்கு அனுப்பினார். அம்மாவோ வாக்கரைப் பிடித்து வாசல் வரைதான் வந்திருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. பிசியோதெரபிஸ்ட் பத்து முறை முழங்காலை மடக்கச் சொல்லியிருந்த பயிற்சியை முப்பதாக்கிவிட்டேன்.

"ஏலே, கால் எனக்கா, உனக்கா?" என்று திட்டிக்கொண்டேதான் அம்மா செய்தார். சீக்கிரம் மல்லிகை எடுக்கப் போகவேண்டுமே!

மறுநாள் காலை கெண்டைக்கால் வீங்கிச் சூடாக இருந்தது. பதறிப்போய் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ரத்தம் உறைந்திருக்குமோ என்று ஸ்கேன் எடுத்தார்கள். நல்லவேளை, அப்படி எதுவுமில்லை.

"உடனே வந்தது சரி. ஆனா அளவுக்கு மீறி மடக்குனதுலதான் வீங்கியிருக்கு. முப்பது தடவை யாரு செய்யச் சொன்னது?" என்றார் பிசியோதெரபிஸ்ட்.

"இந்தா நிக்கிறாருல்ல, பெரிய டாக்டரு" என்று அம்மா என்னைக் காட்டினார்.

சாயங்காலம் அத்தைக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். "அட தம்பி, ஏறுனது நெசந்தான். இறங்குறப்ப ரெண்டு பேரு புடிச்சாங்க, அதை எம்மவன் எடுக்கலை" என்றார்.

இப்போது அம்மாவின் இன்றைய நடையை அவருடைய நேற்றைய நடையோடு மட்டும்தான் ஒப்பிடுகிறேன். பயிற்சியைக் கூட்டுவதென்றால் பிசியோதெரபிஸ்டைக் கேட்டுத்தான். அறுவை சிகிச்சை முடிந்து மூன்று மாதம் ஆன நிலையில், போன வாரம் அம்மா தோட்டத்தில் இறங்கி ஒரு வரிசை முழுக்கப் பூ எடுத்தார். நான் வீடியோ எடுக்கவில்லை. கூடையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன்.