லாரியில் ஏறிய கட்டில்

தாமுவே பேட்டை வாசகசாலை நண்பர்களே,

மாண்டலேயில் என் மகளுக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. முதுகுவலியால் உட்கார இயலாத மனைவிக்காக லாரியில் கட்டில் போட்டு, வழியில் தங்க அரசாங்க பங்களாக்களையும் பட்டியலிட்டிருந்தேன்.

இன்று அனுமதி கேட்கப் போனேன். குமாஸ்தா நம்மவர். என் பட்டியலின் ஆங்கிலத்தை மெச்சிவிட்டு, "பங்களா துரைமாருக்குத்தானே, ஐயா" என்று திருப்பித் தந்தார்.

நன்றி சொன்னேன். பட்டியலை மடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வீட்டில் இவள் சிரித்தாள். "கட்டில்தான் கூடவே வருதே! வழியெல்லாம் பர்மாக்காரங்க கட்டின ஜயாத் சத்திரம் இருக்கு. பானையில தண்ணி இருக்கும், யாருன்னு கேக்கமாட்டாங்க. பேரனைப் பாக்கப் போறோமா, பங்களாவைப் பாக்கவா?"

பட்டியலை வாங்கி விசிறிக்கொண்டாள்.

பெகு முதல் மாண்டலே வரை நிழலுள்ள ஜயாத்துகளை அறிந்தவர்கள் இந்தத் தாளின் கீழே எழுதுங்கள். பங்களாப் பட்டியலை மட்டும் கேட்கவேண்டாம். அது இப்போது என் மனைவியின் விசிறி, துரைமாருக்கும் கிடையாது.