காதுக்கு ஒரு கேள்வி

வானொலிப் பெட்டியைத் திருகியதும் முதலில் வருவது சத்தமல்ல, வாசனை. உள்ளேயிருக்கும் வால்வுகள் சூடேறி ஒரு வாரத் தூசி லேசாகக் கருகுகிற அந்த வாசனை, எங்கள் ஊர் வாசகசாலையின் ஜன்னலைத் தாண்டி, எதிரே குளத்துப் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் பெண்களையும் பிள்ளைகளையும் எட்டும்போதே, "ஏலே, சத்தம் போடாதிங்க, தொடங்கப் போவுது" என்று யாராவது அதட்டுவார்கள். அதட்டுகிறவரின் குரல்தான் எல்லாவற்றையும்விட உரக்கக் கேட்கும்.

ஐம்பதுகளின் தொடக்கம் அது. நாகர்கோவில் பக்கத்திலிருந்த நாங்கள் அப்போது திருவிதாங்கூர்-கொச்சிக்காரர்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் "காதுக்கு ஒரு கேள்வி" என்றொரு நிகழ்ச்சி வரும். முகம் தெரியாத ஓர் அறிவிப்பாளர் ஏதாவதொரு சத்தத்தைக் கேட்கவைப்பார், கொஞ்சம் மௌனம், மறுபடியும் அதே சத்தம். அது என்னவென்று நேயர்கள் அஞ்சலட்டையில் எழுதிப்போட வேண்டும். அடுத்த ஞாயிறு விடையைச் சொல்லி, சரியாக எழுதியவர்களின் பெயரை வாசிப்பார். பரிசு அவ்வளவுதான். என் தம்பி மகனிடம் இதைச் சொன்னால், "பேரை வாசிச்சா போதுமா அத்தே?" என்று சிரிக்கிறான். தன் ஊர்ப் பெயர் ஆகாயத்தில் வருவதை ஒரு முறையாவது கேட்டிருந்தால் அவன் சிரிக்கமாட்டான். பிற்பாடு அந்த நிகழ்ச்சியில் பாட்டு வந்தது, பரிசுப்பெட்டி வந்தது, வளவளவென்று பேச்சும் வந்தது. என்னைப் போன்ற பழைய காதுகளுக்கு முதல் வருஷத்து நிகழ்ச்சிகள்தான் நிகழ்ச்சி.

எங்கள் ஊரில் ஆளுக்கொரு அட்டை போடும் வழக்கமில்லை. ஊருக்கு ஒரே அட்டை, ஒரே விடை. வாசகசாலையின் காரியதரிசியை நாங்கள் "செக்ரட்டரி மாமா" என்போம். அவர் கைதூக்கச் சொல்லி முடிவெடுப்பார். கையெழுத்து அழகாக இருந்ததால் என் அப்பா எழுதுவார். அலைச் சத்தம் வந்த வாரம், அது குளச்சல் அலையா முட்டம் அலையா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து பேச்சுவார்த்தை நின்றுபோய், கடைசியில் அட்டையே போகவில்லை. அப்படிப்பட்ட மேதைகள் நாங்கள்.

அந்த வாரம் வந்தது "டிங்… டிங்…" என்று இரும்பு இரும்பின்மேல் விழுகிற சத்தம். உள்ளேயிருந்து செக்ரட்டரி மாமா துள்ளினார். "இது மயிலாடி உளியாக்கும்! இதுக்குப் போயி யோசிக்கணுமா?" கல்லில் சிலை செதுக்கும் மயிலாடி எங்களுக்கு நடந்துபோகிற தூரம், உளிச் சத்தம் கேட்டு வளர்ந்த ஊர் எங்களுடையது. அத்தனை கையும் ஒரே நேரத்தில் உயர்ந்தது.

படிக்கட்டில் என் பக்கத்திலிருந்த அம்மா, மடியிலிருந்த தம்பியை என்னிடம் தள்ளிவிட்டு எழுந்து நின்றாள். "எங்கய்யா! எங்கய்யால்லா தட்டுதாவ!" என்றாள். சிரித்தாள், சிரிக்கும்போதே கண்ணிலிருந்து நீர் இறங்கியது.

"ஏட்டி, உங்க அப்பா பெட்டிக்குள்ளயா இருக்காரு?" என்று யாரோ கேட்க, படிக்கட்டு முழுதும் சிரிப்பு.

அம்மா திருநெல்வேலிக்காரி. அவள் அய்யாவுக்கு அந்த ஊர் ரயில் நிலையத்தில் வேலை. தம்பியின் காதுகுத்துக்கு வந்த அவரை முதல் பந்தியில் உட்கார்த்தவில்லை. பெண்ணைப் பெற்றவர், தாய்மாமன் இல்லாததால் பேரனை மடியில் வைத்துக் காது குத்தவேண்டியவர். "அடுத்த பந்தியில இருக்கட்டு" என்று எங்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர் சொன்னதை அப்பா கேட்டும் கேளாததுபோல் இருந்துவிட்டார். அய்யா கைநனைக்காமல் பஸ் ஏறிப் போனார். அதற்குப் பிறகு அவரும் வரவில்லை, அம்மாவை அப்பா அனுப்பவுமில்லை. "மொதல்ல அவரு வரட்டு" என்பார். ஒவ்வொரு பொங்கலுக்கும் அம்மா கேட்பாள், ஒவ்வொரு பொங்கலுக்கும் இதே பதில்.

அன்று வீட்டுக்கு வந்து அவள் அப்பாவிடம் சொன்னாள்: "கல்லுல அடிச்சா உடனே அடங்கிரும். இது நீண்டு கேக்குல்லா. ரயில் சக்கரத்தைத் தட்டுத சத்தம்."

"ஊரு சொன்னதத்தான் நான் எழுத முடியும்" என்று அப்பா உளியை எழுதி அனுப்பினார். அந்த வாரம் முழுதும் குழம்பில் உப்பு கூடியும் குறைந்தும் இருந்தது.

அடுத்த ஞாயிறு அறிவிப்பாளர் விடையைச் சொன்னார். ரயில் வந்து நின்றதும் ஒருவர் நீண்ட சுத்தியலால் ஒவ்வொரு சக்கரமாகத் தட்டிக்கொண்டே போவாராம். சக்கரத்தில் விரிசல் இருந்தால் சத்தம் மாறிவிடுமாம். "அவருடைய காதை நம்பித்தான் ரயிலில் இருக்கும் அத்தனை பேரும் தூங்குகிறார்கள்" என்றார். செக்ரட்டரி மாமா, "ரயிலைக் கண்டவன் இங்க ஆருவே இருக்கான்?" என்று கேட்டார். உண்மைதான். எங்கள் பக்கத்தில் தண்டவாளமே கிடையாது. ஆரல்வாய்மொழி கணவாயைத் தாண்டித் திருநெல்வேலி போனவர்களும் பஸ்ஸிலேயே போய் பஸ்ஸிலேயே திரும்பினவர்கள்தான். படிக்கட்டில் எல்லாப் பெண்களும் அம்மாவைப் பார்த்தார்கள். அவளோ வாசகசாலை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா வெளியே வந்து யாரையும் பார்க்காமல் நடந்தார். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "நாளைக்கு விடிய வெளுக்க பஸ்ஸைப் பிடிக்கணும், பிள்ளையள ஒருக்கு" என்றார். அம்மா உள்ளே போய்த் தம்பிக்கும் எனக்கும் நல்ல துணியை எடுத்துவைத்தாள்.

திருநெல்வேலி நிலையத்தில்தான் நான் முதன்முதலாக ரயிலைப் பார்த்தேன். நீலச் சட்டை போட்ட ஒருவர் குனிந்து தட்டிக்கொண்டே வந்தார். எங்களைக் கண்டும் நிற்கவில்லை. கடைசிச் சக்கரம்வரை போய்த்தான் திரும்பினார். அம்மா அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அப்பாவுக்கு மன்னிப்பு என்ற சொல் நாக்கில் வராது. வேட்டி நுனியைக் கசக்கிக்கொண்டு நின்றவர், "மாமா, எங்க ஊர்க்காரனுவ இதக் கல்லுளின்னு எழுதிப்போட்டாச்சு" என்றார்.

அய்யா சுத்தியலை நீட்டி, "தட்டிப் பாருங்க மாப்பிள்ளே" என்றார்.

இன்று வீட்டுக்கு வீடு தொலைக்காட்சி; கேள்வி கேட்பவர்மேலும் பதில் சொல்பவர்மேலும் விளக்கு சுழல்கிறது. நாகர்கோவிலுக்கு ரயில் வந்து வெகுகாலமாகிறது. அந்த வாசகசாலை இருந்த இடத்தில் செல்போன் கடை. நிகழ்ச்சியின் ஒலிநாடா எங்காவது கிடைக்குமா என்று விசாரித்துப் பார்த்தேன்; ஒன்றுகூட மிஞ்சவில்லை என்கிறார்கள். அந்த அறிவிப்பாளரின் பெயரும் எனக்கு நினைவில்லை. ஆனாலும் அவரை நன்றியோடு நினைக்காத பொங்கல் எனக்கில்லை. அந்த வருஷப் பொங்கலுக்கு அய்யா எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா தன் கையாலேயே முதல் இலையைப் போட்டார். அய்யா இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அடுத்த பொங்கலுக்கு அவர் இல்லை.