ஆற்றோரக் காணியும் எங்கள் குடும்பப் பெயரும்

எழுபதுகளின் நடுவில் நாங்கள் மெல்பேர்னில், கிளேட்டன் பக்கம் குடியிருந்தோம். எனக்குப் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் வேலை. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் வயதான ஆங்கிலப் பெண்குரல் ஒன்று தொலைபேசியில் என் குடும்பப் பெயரைச் சொல்லி, நான்தானா என்று கேட்டது. ஓய்வுபெற்ற ஆசிரியை. தன் பரம்பரையைப் பல வருடமாகத் தேடி வருகிறாராம். தொலைபேசிப் புத்தகத்தில் அந்தப் பெயரை அதே எழுத்துக்களோடு வைத்திருப்பவர்கள் அவரும் நானும் மட்டும்தானாம். அடுத்த நாளே தேநீருக்கு வரச் சொன்னார்.

"நீங்கள் தமிழர் எண்டு அவவுக்குச் சொன்னனீங்களோ?" என்று மனைவி கேட்டாள்.

"அவ கேக்கேல்லை."

மறுநாள் போனேன். கதவைத் திறந்த ஆசிரியை முதலில் என் தோளுக்குப் பின்னால் பார்த்தார். வேறு யாரும் வரவில்லை என்று தெரிந்ததும் முகம் சிவந்துவிட்டது. என் உச்சரிப்பைக் கேட்டு, எங்கோ வெளிநாட்டில் வளர்ந்த உறவினன் என்று நினைத்திருந்தாராம். ஆனாலும் உள்ளே கூப்பிட்டு இருத்தினார். மேசை முழுக்கக் கடதாசிகள். அமெரிக்கா பிரிட்டிஷாரின் குடியேற்றமாக இருந்த காலத்தில் அவருடைய மூதாதை ஒருவர் கப்பலேறி மாசசூசெட்சுக்குப் போய், ஆற்றோரமாகக் காடு வெட்டிக் காணி பிடித்திருக்கிறார். அந்தக் காணியின் உறுதிப் பத்திரங்களின் பிரதிகளை அங்கிருந்து தபாலில் வரவழைத்து வைத்திருந்தார். வடக்கு எல்லை ஓக் மரம், கிழக்கு எல்லை ஆறு, தெற்கில் அயலவனின் கல்வேலி. எங்கள் ஊர் உறுதிகளும் இப்படித்தான் இருக்கும், ஓக் மரத்துக்குப் பதிலாகப் பனை என்றேன். அவருக்கு அது பிடித்துப்போனது.

பிறகு என் பெயரின் கதையைச் சொன்னேன். யாழ்ப்பாணத்தில் எங்களை வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர்கள், என்பார்கள். என் பாட்டனாரின் பாட்டனார் சிறுபிள்ளையாக அமெரிக்க மிஷனரிமாரின் விடுதிப் பள்ளிக்கூடத்தில் விடப்பட்டவர். அமெரிக்காவில் யாராவது பணம் அனுப்பினால், அவர்கள் சொல்லும் பெயரைப் பிள்ளைக்கு வைப்பது அந்தக் காலத்து வழக்கம். அவருக்கு அப்படி வந்த முழுப்பெயரையும் சொன்னேன்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். எழுந்துபோய் ஒரு பழைய கடதாசிக் கட்டைக் கொண்டுவந்து, அதிலிருந்த ஒரு மரண சாசனத்தை என் முன்னால் விரித்தார். அந்த மூதாதையின் பேரனுடைய விதவை எழுதியது. தன் பங்காக வந்த ஆற்றோரக் காணியை விற்று, இலங்கையில் ஒரு பிள்ளையை இறந்துபோன தன் மகனின் பெயரில் வளர்க்கக் கொடுக்க வேண்டும் என்று அதில் இருந்தது. மகனின் பெயரும் இருந்தது. நான் சற்று முன் சொன்ன அதே பெயர்.

"இந்த வரியை நான் எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன். அது அவளுடைய பக்தி என்று நினைத்து விட்டுவிட்டேன். அந்தப் பிள்ளை வளர்ந்து, அதற்கும் பிள்ளைகள் இருந்திருக்கும் என்று யோசிக்கவேயில்லை" என்றார்.

அந்த விதவையின் மகனுக்கு என்ன நடந்தது என்று கேட்டேன். ஒன்பது வயதில் ஆற்றில் மூழ்கிவிட்டானாம். அந்தக் காணியின் ஓரத்தில்தான்.

வீட்டுக்கு வந்து மனைவிக்குச் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். பிறகு, "அப்ப பள்ளிக்கூடத்திலை விட முதல், எங்கட அந்தப் பிள்ளையைத் தாய் என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டவவோ?" என்றாள். இத்தனை வருடத்தில் எனக்கு அந்தக் கேள்வி வந்ததேயில்லை.

ஊரிலிருந்த பெரியப்பாவுக்கு எழுதி, எங்கள் வேதக் கோயிலின் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்க்கச் சொன்னேன். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. "தம்பி, பதிவு இருக்குது. முந்தின பெயர் எண்ட இடத்திலை ஒண்டுமில்லை. தகப்பன் பேதியிலை செத்தவர், தாய் கைம்பெண் எண்டு மட்டும் எழுதியிருக்கு. தாயின்ரை பெயரும் இல்லை." அதற்குக் கீழே, மழை பிந்திவிட்டதாகவும் மிளகாய்க் கன்றுகள் வாடிப்போனதாகவும் எழுதியிருந்தார். நான் முதல் நான்கு வரிகளையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தேன்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு ஆசிரியையிடம் போனேன். அவர் தன் வம்சப் படத்தை விரித்து வைத்திருந்தார். இறந்த சிறுவனின் பெயருக்குக் கீழே பென்சிலால் ஒரு புள்ளிக்கோடு. அதன் முனையில் என் பாட்டனாரின் பாட்டனார், அவருக்குக் கீழே நாங்கள். ஆசையோடுதான் செய்திருந்தார். நான் அந்தப் புள்ளிக்கோட்டின் மேல் விரலை வைத்தேன்.

"இதில் எங்களைப் போட வேண்டாம். அவர் உங்கள் பையனின் வாரிசு இல்லை. அவருக்கு ஒரு தாய் இருந்தாள்" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

 அவர் பெரியப்பாவின் கடிதத்தை மொழிபெயர்த்துச் சொல்லச் சொன்னார். சொன்னேன். அழிறப்பரால் புள்ளிக்கோட்டை அழித்தார். படத்தின் ஓரத்தில், விதவையின் பெயருக்கு நேரே ஒரு பெட்டி வரைந்து, "தாய், யாழ்ப்பாணம், பெயர் தெரியாது" என்று எழுதினார். அந்தப் பெட்டியிலிருந்துதான் எங்கள் வரிசை கீழே இறங்கியது. இரண்டு பெண்களுக்கும் நடுவில் கோடு எதுவும் போடவில்லை. "இப்படி இருக்கலாமா?" என்று கேட்டார். இருக்கலாம் என்றேன்.

அதன் பிறகு பெயரை மாற்றிவிடுவோமா என்று சில மாதம் யோசித்தேன். மாற்றவில்லை. அந்தப் பெயரோடுதான் எங்கள் ஆட்கள் நான்கு தலைமுறையாகப் படிப்பித்தார்கள், கலியாணம் செய்தார்கள், சவக்காலையில் படுத்திருக்கிறார்கள். அதுவும் எங்களுடையதாகிவிட்டது.

அடுத்த வருடம் எங்களுக்கு மகள் பிறந்தாள். எங்கள் குடும்பத்தில் குடும்பப் பெயருக்கு முன்னால் ஆங்கிலப் பெயர் இல்லாமல், தமிழ்ப் பெயரோடு ஞானஸ்நானம் பெற்ற முதல் பிள்ளை அவள். அவள் பிறந்த மறுநாள் ஆசிரியை ஆஸ்பத்திரிக்கு வந்து, கட்டிலுக்குப் பக்கத்திலிருந்த கதிரையில் அமர்ந்து, பிள்ளையின் பெயரைக் கேட்டார். மனைவி சொன்னாள். அவருக்கு நாக்கு புரளவில்லை. "இன்னொரு தடவை சொல்லுங்கள்" என்றார். மனைவி மெதுவாக, எழுத்தெழுத்தாகச் சொன்னாள். நான்கைந்து தடவை முயன்று, அதைச் சரியாகச் சொல்லிவிட்டுத்தான் அன்று அவர் எழுந்து போனார்.