வாசலோடு திரும்பிய அழைப்புகள்

கணவர் இறந்த பிறகு எனக்குக் காரணமில்லாமல் அழுகை வரும். மனச்சோர்வு என்று டாக்டர் மாத்திரை கொடுத்தார், தேறியும் வந்தேன். ஆனால், சொந்தத்தில் ஒருவர்கூட என்னை விசேஷத்துக்கு அழைக்கவில்லை. யாருக்கும் வேண்டாதவளாகிவிட்டேன் என்று மறுபடியும் படுக்கையில் சுருண்டேன்.

ஒருநாள் வாசலில் நாத்தனார் குரல் கேட்டது. தன் பேத்தி கல்யாணத்துக்கு அழைக்க வந்திருந்தார். "அத்தைக்கு மனசு சரியில்லீங்க. கூட்டத்துல அழுதுபோடுவாங்க. நாங்க மட்டும் வாரோமுங்க" என்று மருமகள் அனுப்பிவைத்தாள். எல்லா அழைப்பும் இப்படித்தான் வாசலோடு திரும்பியிருக்கிறது!

தேதியையும் மண்டபத்தையும் மட்டும் காதில் வாங்கிக்கொண்டேன். முகூர்த்தத்தன்று, அவர்கள் காரில் கிளம்பிய பிறகு, பட்டுச்சேலை கட்டித் தாராபுரத்துக்கு பஸ் ஏறினேன்.

"ஏனுங்க நங்கை, உங்களுக்கு மனசு சரியில்லைன்னாங்களே?" என்று பந்தியில் நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சொன்ன அம்மணி உங்க பின்னாடிதான் நிக்கறா, அவளையே கேளுங்க" என்றேன் சத்தமாக. பந்தி முழுக்க மருமகளைத் திரும்பிப் பார்த்தது. அன்று நான் இரண்டு முறை பாயசம் வாங்கிக் குடித்தேன்.

மாத்திரையை இன்றும் விடவில்லை. காலிங்பெல் அடித்தால் நான்தான் முதலில் எழுந்து போகிறேன். பத்திரிகையோடு வருகிறவர்களிடம், "மருமகளுக்குத் தலைவலிங்க, நான் மட்டும் வாரேனுங்க" என்று சொல்லிவிடுகிறேன்.