மணியாக ஒலிக்காத தண்டு

மாடிப்படிக் கம்பியில் நைலான் கயிற்றால் கட்டித் தொங்கவிடப்பட்டிருந்தது அந்த இரும்புத் தண்டு. என் அக்காவின் கணவர், நான் மாமா என்றழைப்பவர், சிறு சுத்தியலால் அதை ஒருமுறை தட்டிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். மறுபடியும் தட்டினார். இரும்பில் இரும்பு பட்ட ஓசைக்கு மேல் என் செவிக்கு எதுவும் எட்டவில்லை. அவர் முகமோ கெட்ட செய்தி கேட்டவர் முகம்போல் இறுகியது.

"சரியில்லம்மா. மணி மாதிரி இழுத்துக்கிட்டுப் போகணும். இது தொப்புனு நிக்குது."

ஜோகுபாளையத்தில் எங்கள் வீட்டு முன்கூடம் அப்போது எட்டு மாதங்களாக ஒரு பழைய காருக்கான பட்டறையாக மாறியிருந்தது. ஒரு பழைய பங்களாவின் கொட்டகையில், எலிகள் குடியிருக்க, ஆண்டுக்கணக்கில் கிடந்த இரட்டை இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் அது. துணிக்கூரை மக்கிப்போய், சிவப்புச் சாயம் செதில் செதிலாக உதிர்ந்து வந்து சேர்ந்தது. தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டராக இருந்த மாமா அதன் இன்ஜினை முழுவதுமாகப் பிரித்தார். எட்டு வால்வுகளும் வரிசை மாறிவிடக் கூடாதென்று இரண்டு இட்லித் தட்டுகளின் எட்டுக் குழிகளில் அமர்ந்திருந்தன. "இட்லி வேணும்னா இன்ஜின்கிட்ட கேளுங்க. இன்னைக்கும் உப்புமாதான்" என்பாள் அக்கா. எதிர்வீட்டு ஆட்டோக்காரர் தினமும் வாசலில் நின்று, கன்னடம் கலந்து, "ஏன் குரு, இது காடியா தேவரா? வண்டியா சாமியா? பூஜைதான் நடக்குது, தேர் நகரவே மாட்டேங்குது" என்று சிரித்துவிட்டுப் போவார். கோலார் தங்கவயலில் இருந்த தன் மாமனாரைப் பார்க்க அந்தக் காரில்தான் போய் இறங்குவது என்று அக்கா முடிவு செய்திருந்தாள்.

அந்த மாமனார் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். கீழே இறங்கியதும் தலைக்கு மேலிருக்கும் பாறையைக் கம்பியால் தட்டி, அதன் ஒலியைக் கேட்ட பிறகே அடுத்த அடி வைப்பாராம். மாமாவின் காது அவரிடமிருந்து வந்தது. தேங்காய், பானை, வாளி என எதையும் தட்டிப் பார்க்காமல் அவர் வாங்கியதில்லை. இப்போது அவர் தட்டியது கிராங்க் ஷாஃப்ட். பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சக்கரங்களுக்கான சுழற்சியாக மாற்றும் தண்டு. வேகமாக ஓடும்போது அது முறிந்தால் இன்ஜின் இறுகும், சக்கரங்கள் பூட்டிக்கொள்ளும், பின்னால் லாரிகள் வந்துகொண்டிருக்கும்.

எனினும் நான் வாதிட்டேன். கல்லூரிச் சொற்போர்களில் வென்ற கோப்பைகள் அதே முன்கூடத்தின் அலமாரியில் வரிசையாக நின்றன. மறுப்புரை என்பது எனக்கு மூச்சைப் போல இயல்பாக வரும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தும் கீறல் தென்படவில்லை. கடைசல் பட்டறையில் எடுத்த அளவுகள் இம்மியும் பிசகவில்லை. அப்படியிருக்க, ஒரு மனிதரின் செவி மட்டும் எப்படிச் சான்றாகும்? கயிற்றின் முடிச்சு ஒலியை விழுங்கியிருக்கலாம். சுத்தியலே மந்தமாக இருக்கலாம். காரணம் சொல்லுங்கள், ஏற்றுக்கொள்கிறேன் என்றேன்.

அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. இருமுறை பேச வாயெடுத்தார். பிறகு கயிற்றை அவிழ்த்தார். "உன் பேச்சுக்கு நான் தலையாட்டிடுவேன், தாயி. இந்த இரும்பு ஆட்டணுமே" என்றார். அக்கா கைதட்டினாள். அன்று நான் அடைந்த மகிழ்ச்சியை இங்கே மறைக்க விரும்பவில்லை.

அந்தத் தண்டே பொருத்தப்பட்டது. இன்ஜின் முதல் முயற்சியிலேயே உறுமி எழுந்தது. தெருவே கூடி ஆரவாரித்தது. மாமா மட்டும் நீண்ட ஸ்க்ரூடிரைவரின் நுனியை இன்ஜினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்து நெடுநேரம் குனிந்திருந்தார். நிமிர்ந்தபோது யாரையும் பார்க்கவில்லை. அடுத்து வந்த வாரங்களிலும் இதுவே நடந்தது. அதற்கிடையில் ஒருநாள் அல்சூர் சந்தையிலிருந்து அவர் வாங்கி வந்த மண்பானையில் தண்ணீர் ஊற்றியதும் அடி கசிந்தது. "தட்டிப் பாக்கலியா?" என்று அக்கா சிரித்தாள். "இல்ல" என்றார் அவர். நான் சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கார் வாசலில் நின்றது. அக்கா தலையில் ஸ்கார்ஃப் கட்டி, மாமனாருக்கான மைசூர்பாகுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தாள். இன்ஜின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. கியரில் கை வைத்த மாமா, சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தார்.

"போலாமில்லம்மா?"

ஸ்பேனரை எந்தப் பக்கம் பிடிப்பது என்று கூட அறியாத என்னிடம், இரும்போடு வாழ்ந்த மனிதர் அனுமதி கேட்டார். நில் என்று சொல்லக்கூடிய ஒரே குரல் அந்த வீட்டில் அவருடையது. அதை நான் வாதிட்டு வாயடைத்திருந்தேன்.

"வேண்டாம் மாமா. இறங்குங்க."

"ஏன்டி, என்ன காரணம்?" என்றாள் அக்கா.

"காரணம் இல்லக்கா."

மாமா தாழ்ந்த குரலில் கேட்டார்: "உனக்கும் கேக்குதாம்மா?"

"கேக்கல. உங்களுக்குக் கேட்டுச்சில்ல, அது போதும். நான் பேசினது தப்பு."

அவர் சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினார். "மேடையில ஒரு பேச்சு, வீட்டுல ஒரு பேச்சா? வேளை பாத்து சொன்ன பாரு!" என்று கதவை அறைந்துவிட்டு அக்கா உள்ளே போனாள். பல நாட்கள் என்னோடு பேசவில்லை.

இன்று வேறொரு தண்டோடு அந்தக் கார் ஓடுகிறது. அக்கா தங்கவயலுக்குப் போய்த் திரும்பியும் விட்டாள். நானும் மேடைகளில் வென்றுகொண்டுதான் இருக்கிறேன். ஆனால் எதிரணியில் எவரேனும் சொல் கிடைக்காமல் தடுமாறும்போது, முன்புபோல் அந்த இடைவெளிக்குள் பாய்ந்துவிட என்னால் முடிவதில்லை. பழைய தண்டை வெளியே எடுத்த நாள் கண்முன் வந்து நிற்கிறது. அன்றும் கண்ணாடியில் எதுவும் தெரியவில்லை. "பாத்தியா, ஒண்ணுமே இல்ல" என்றாள் அக்கா, கசப்போடு. பழைய இரும்புக்காரர் மூலம் அது இன்னொரு வண்டிக்குப் போய்விடக் கூடாதென்று மாமா அதை இரண்டு கருங்கற்களின் மேல் கிடத்தி, சம்மட்டியை ஓங்கினார். முழுப் பலத்தையும் அவர் போடவில்லை. அந்த ஒரே அடியில் தண்டு இரண்டானது.

முறிந்த முகத்தைத் திருப்பி வெயிலில் காட்டினார். அதன் பெரும்பகுதி, எண்ணெய் ஊறி ஊறிப் பழையதாகிப்போன விரிசலின் கறுப்பு. ஓரத்தில் ஒரு சிறு பிறை மட்டும் அப்போதுதான் பிளந்த இரும்பாகப் பளிச்சிட்டது. அந்தப் பிறையின் மேல் மாமா தன் கட்டைவிரலை வைத்தார். முழுவதும் மறைந்துவிட்டது.

"இவ்ளோதான்" என்றார். "இவ்ளோதான் புடிச்சிட்டிருந்திருக்கு."

அக்கா படியில் உட்கார்ந்துவிட்டாள். அந்த விரலைத் தவிர வேறெதையும் எங்கள் மூவராலும் பார்க்க முடியவில்லை.